கை, முதுகு, முட்டி

ஜார்ஜ்டவுன்
18.9.2024

சுண்டு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் அது மட்டும் மறக்கவில்லை. அதனால் கேட்கிறேன். நலமா? நான் இருக்கிறேன்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அப்பா வீட்டு வழக்கப்படி முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. வீட்டைத் துடைத்தபோது அரிசி டின்னுக்குப் பின்னால் உறைகள் கிடைத்தன. பயிற்சி முகாம் நடக்கிற நாட்களில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், நீ எழுதிப் போடும்மா என்று படகுக் கொட்டகை விலாசத்தை நீயே எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிக் கொடுத்த பத்து உறைகள். மூன்றைத்தான் போட்டிருந்தேன். ஏழு மிச்சம். உன் கையெழுத்தில் உன் பெயர். அதைக் குப்பையில் போட முடியுமா?

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன். லீவு நாளில் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போகிறேன். இறங்கி, அடுத்த ஃபெர்ரியில் திரும்பி வருகிறேன். அங்கே நிற்கிற காவலாளி நேற்று கேட்டார், "என்னாக்கா, எதையாச்சும் மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?" ஆமாம் என்றேன்.

வேலைக்குப் போகிறேன். முதலாளி தவுக்கே ஒன்றும் சொல்வதில்லை. சமையல்கட்டில் கூட நிற்கிற யோகாக்காதான் அதட்டுகிறாள். "நண்டைக் கையில வச்சுக்கிட்டு ஏன்டி சிலை மாதிரி நிக்கிற? செத்த நண்டு லா, கடிக்காது."

அதுதான் சுண்டு. அந்த நண்டுதான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ போனில் கடைசியாகச் சொன்னது, "அம்மா, நான் நண்டு பிடிச்சுட்டேன்." அதற்கு நான் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். மூன்று மணி நேரம் கழித்து மழையில், நெடுஞ்சாலையில், ஒரு லாரிக்குப் பின்னால் உன் மோட்டார் சைக்கிள் கிடந்தது.

படிப்பும் படகும்தான் உயிர் என்று இருந்தவள் எதற்காக நண்டு பிடிக்கப் போனாய்? என் மேல் கோபத்தோடு புறப்பட்டாயா? இந்த இரண்டும் தெரிந்தால் போதும். தெரிந்தால் ஓர் இடத்தில் உட்காருவேன்.

சாப்பிட்டாயா என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா
குமுதா


நிபோங் திபால்
2.10.2024

நிலானியின் அம்மாவுக்கு,

எங்கள் வீட்டில் சலாம் சொல்லித்தான் கடிதம் தொடங்குவோம். உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும் என்று அர்த்தம். அது எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்து உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

என் பெயர் சித்தி ஹாஜரா. பட்டர்வொர்த்தில் என் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் பிரித்துவிட்டேன். எங்கள் கோச் ரொஸ்னா அதை நிலானியின் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். உறையில் அவள் கையெழுத்து. ஒரு நொடி, எங்கிருந்தோ அவளே எழுதியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

எங்கள் படகில் நான்கு பேர் துடுப்பு வலிக்கிறோம். போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவோம். எங்களுக்கு எதிரே அனுஜா உட்கார்ந்து திசை பார்ப்பாள், கத்துவாள். நான்காவது இடம் நிலானி. அந்த இடத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். அவள் வலிக்கிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அவளுக்கு நேர் பின்னால் மூன்றாவது இடம் நான். இரண்டு வருஷம் அவள் முதுகைப் பார்த்தே வலித்திருக்கிறேன். அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். தூங்கவில்லை என்றால், கோபம் என்றால், சிரிப்பை அடக்குகிறாள் என்றால், எல்லாம் முதுகிலேயே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 22-ஆம் தேதி கல்லூரிகளுக்கு இடையே போட்டி இருக்கிறது. அவள் இடத்தில் இப்போது என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அவளிடம் ஒரு நீலக் குறிப்புப் புத்தகம் இருந்தது. உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா? என் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாஜரா


ஜார்ஜ்டவுன்
10.10.2024

ஹாஜரா என்ற பிள்ளைக்குக் குமுதா எழுதுவது,

சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் அத்தா, உம்மா சுகமா? கடிதத்தைப் பிரித்ததற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். யாராவது பிரிக்கட்டும் என்றுதான் போட்டேனோ என்னவோ. போன் வேண்டாம். போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடும். காகிதத்தில் அது நடக்காது, எனக்கு ஓர் எழுத்து எழுதவே நேரமாகும்.

நீலப் புத்தகம் இருக்கிறது. அவள் பையில் இருந்தது. மழையில் ஓரம் மட்டும் ஊறியிருக்கிறது. உள்ளே எல்லாம் இங்கிலீஷ், மலாய், கோடு, நம்பர். எனக்குப் புரிவது ஒரே ஒரு வரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழில் எழுதியிருக்கிறாள். 'வலிக்கும் வரிசை: கை, முதுகு, முட்டி.'

போன வருஷம் அவள் வீட்டுக்கு வந்திருந்தபோதே இதைப் பார்த்துவிட்டேன். முதலில் கை வலிக்கிறது, அப்புறம் முதுகு, அப்புறம் முட்டி என்று பிள்ளை குறித்து வைத்திருக்கிறது, நம்மிடம் சொல்லாமல் மறைக்கிறது என்று நினைத்து ஒரு டஜன் தைலம் வாங்கி அனுப்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டாளா? உனக்குத் தெரியுமா?

இன்னொன்று. என் கடிதத்தை முழுசாகப் படித்திருக்கிறாய். நண்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் சமையல்கட்டில் நிற்கிறவள். தட்டு திரும்பி வந்தால் எதை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

புத்தகத்தைத் தருகிறேன். நீ நண்டைச் சொல்.

குமுதா


நிபோங் திபால்
28.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க துஆ கேட்கிறேன். தீபாவளி வருகிறது. இந்த வருஷம் உங்களுக்குத் தீபாவளி இல்லை என்று அனுஜா சொன்னாள். அதனால் வாழ்த்து எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

முதலில் தைலம். அவள் மட்டும் இல்லை, நாங்கள் எல்லாருமே தேய்த்துக்கொண்டோம். படகு முழுவதும் அந்த வாசனை. கோச் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன படகா, முதியோர் இல்லமா?" என்றார். "எங்கம்மா அனுப்பினது கோச், தேய்க்கலைன்னா படகு நகராது லா" என்றாள் நிலானி.

வலிக்கும் வரிசை என்றால் நோவு இல்லை அம்மா. துடுப்பு வலிப்பது. ஒரு தடவை இழுத்து முடித்ததும் அடுத்த இழுப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். நாங்கள் உட்காருகிற பலகைக்குச் சக்கரம் உண்டு, முன்னும் பின்னும் ஓடும். திரும்பும்போது முதலில் கை நீள வேண்டும். பிறகு முதுகு சாய வேண்டும். கடைசியில்தான் முட்டி மடங்க வேண்டும். முட்டி முந்திக்கொண்டால் கை வந்து அதில் இடிக்கும். பின்னால் இருப்பவர்களும் குழம்பிவிடுவார்கள். இழுக்கும்போது வேகம், திரும்பும்போது நிதானம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் எப்போதும் திரும்பும்போதுதான் அவசரப்படுவேன்.

அடுத்து நண்டு. அது உண்மையான நண்டு இல்லை. துடுப்பின் இலை தண்ணீருக்குள் கோணலாகப் போனாலோ, நேரத்தில் வெளியே வராவிட்டாலோ தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். விடாது. அடியில் நண்டு கவ்வியது மாதிரி இருக்கும். கைப்பிடி வந்து நெஞ்சில் அடிக்கும், சில நேரம் ஆளையே தூக்கி வெளியே போட்டுவிடும். அந்தத் தப்புக்குப் பெயர்தான் நண்டு பிடிப்பது. படகில் மூன்று பேர் தமிழ் என்பதால் நாங்கள் தமிழிலேயே சொல்லிக்கொள்வோம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஆள் தேர்வுக்கான ஓட்டம் நடந்தது. கடைசி இருநூறு மீட்டரில் எங்கள் படகில் நண்டு பிடித்துவிட்டது. அதைத்தான் அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள்.

உங்கள் உடம்புக்காக எப்போதும் துஆ கேட்கும்
ஹாஜரா


ஜார்ஜ்டவுன்
6.11.2024

ஹாஜரா பிள்ளைக்கு,

நண்டே இல்லையா.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெலுத்தோங் வரைக்கும் நடந்தேன். எதற்கு என்று தெரியாது. பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பவும் நடந்தே வந்தேன்.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று என் பிள்ளைக்கே எழுத மாட்டேன் என்றேன். உனக்கு எழுதுகிறேன். எனக்கு நாள் முழுக்க நண்டு கழுவுகிற வேலை. கொடுக்கு கிழித்து, உப்புத் தண்ணீர் பட்டு விரல் எல்லாம் வெடித்திருக்கும். அந்த நேரத்தில் போன் அடித்தது. "அம்மா, நான் நண்டு பிடிச்சுட்டேன்" என்றாள். அடுத்து என்னவோ சொல்ல வந்தாள். நான் விடவில்லை.

"நானே நண்டு கழுவிக் கை வெடிச்சுக் கிடக்கேன், உன்னை நண்டு பிடிக்கவா காலேஜுக்கு அனுப்பினேன்? படிச்சது போதும். மூட்டையைக் கட்டிக்கிட்டு வா. நாளையிலேருந்து என் பக்கத்துல நின்னு நீயும் கழுவு."

அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது. அவள் வைத்தாளா, லைன் போனதா தெரியாது. வா என்று நான் சொன்னேன், அவள் புறப்பட்டாள். வேறு என்ன இருக்கிறது?

தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல அம்மாவைத் தேடியிருக்கிறாள். அதை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன் பார்.

புத்தகத்தைத் தனிப் பார்சலில் போட்டிருக்கிறேன். எனக்கு ஒன்று மட்டும் சொல். நீ எழுதுவதைப் பார்த்தால் அவள் கெட்டிக்காரி. அவ்வளவு நன்றாக வலிக்கிறவள் அன்றைக்கு எப்படி நண்டு பிடித்தாள்? மனசில் ஏதாவது இருந்ததா? முதல் நாளும் நான் அவளோடு சண்டை போட்டிருந்தேன், துணி துவைக்காத விஷயமாக. அதுவா?

நேரத்துக்குச் சாப்பிடு. வலிக்கிற பிள்ளைகள் வயிறு காயக் கூடாது.

குமுதா


நிபோங் திபால்
20.11.2024

அம்மாவுக்கு,

நலம், உங்கள் நலத்தையும் நாடுகிறேன். பார்சல் கிடைத்தது. ரொம்ப நன்றி. பயிற்சி கடுமையாகப் போகிறது. தினமும் மழை, ஆறு கலங்கலாக ஓடுகிறது. நிலானியின் இடத்தில் இருந்தால் எனக்கு முன்னால் எந்த முதுகும் இல்லை, அனுஜாவின் முகம் மட்டும்தான். பழகவில்லை. கோச் தினமும் திட்டுகிறார்.

துணி துவைக்காததெல்லாம் காரணம் இல்லை அம்மா. அப்படி நினைக்காதீர்கள்.

அவசரமாக முடிக்கிறேன்.

ஹாஜரா


ஜார்ஜ்டவுன்
3.12.2024

ஹாஜரா,

சுகமா? போன புதன்கிழமை எனக்கு லீவு. ஃபெர்ரியில் ஏறினேன். வழக்கம்போல் திரும்பாமல் நிபோங் திபால் பஸ்ஸைப் பிடித்தேன். நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அந்தப் பக்கம்தான், இப்போது எல்லாம் செம்பனை. அதைப் பார்க்க வரவில்லை. ஆற்றோரம் புளியமரத்தடியில் நின்றேன். உங்களைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

நான்காவது இடத்தில் முக்காடு கட்டின பெண், அது நீதானே? எனக்குப் படகு தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை உனக்கு அனுப்புவதற்கு முன் தினமும் புரட்டிக்கொண்டிருந்தேன். குச்சி குச்சியாக மனிதர்களை வரைந்திருக்கிறாள், பார்த்திருப்பாய். கை நீண்ட மனிதர், முதுகு சாய்ந்த மனிதர், முட்டி மடங்கின மனிதர். நீ முட்டியை முதலில் மடக்குகிறாய் பிள்ளை. பலகை ஓடி வந்து முட்டுகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே உன் துடுப்பு இரண்டு தடவை தண்ணீரில் மாட்டியது.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டுதான் அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை தேதி போட்ட பக்கம். நீளமாக ஒரு படகு, அதில் நான்கு வட்டம், ஒவ்வொன்றுக்கும் நம்பர். மூன்றாவது வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்டு. நண்டுக்குக் கண் வரைந்து, தலையில் முக்காடாகத் துடோங் போட்டு, தாடைக்குக் கீழே ஊசியும் குத்தியிருக்கிறாள்.

நிஜ நண்டு என்று நினைத்து, நீ விளக்கி எழுதுவதற்கு முன்பே கிழித்து வைத்திருந்தேன். அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது. பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது இடம் நான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அன்றைக்கு நண்டு பிடித்தது யார், ஹாஜரா?

குமுதா


ஜார்ஜ்டவுன்
12.1.2025

ஹாஜரா பிள்ளைக்கு,

பொங்கல் வருகிறது. உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆறு வாரம் ஆகிறது. காய்ச்சலா?

தபால்காரர் எங்கள் புளோக்குக்குப் பதினொரு மணிக்கு வருவார். லீவு நாளில் பத்து மணியிலிருந்தே படியிறங்கி ஏறுகிறேன். மாடி வீட்டு அம்மா, "டாக்டர் எக்ஸர்சைஸ் பண்ணச் சொன்னாரா?" என்று கேட்கிறாள்.

உன்னைத் திட்ட மாட்டேன். ஒரு தடவை திட்டியாயிற்று. அது போதும் எனக்கு.

எழுது.

குமுதா


நிபோங் திபால்
29.1.2025

அம்மா,

சலாம். காய்ச்சல் இல்லை. உங்கள் இரண்டு கடிதத்தையும் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். பத்துத் தடவை எழுதிக் கிழித்தேன்.

நான்தான்.

திரும்பும்போது அவசரப்பட்டேன். துடுப்பு மாட்டியது. கைப்பிடி என் விலாவில் அடித்தது, படகு அப்படியே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. மற்ற படகுகள் தாண்டிப் போயின. கரைக்கு வந்ததும் கோச் கேட்டார், "யார்?" எனக்கு ஏற்கனவே இரண்டு தடவை எச்சரிக்கை கொடுத்திருந்தார். மூன்றாவது என்றால் ஆள் மாற்றிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. நிலானி கையைத் தூக்கினாள். "நான்தான் கோச்." அனுஜா எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள், அவளும் பேசவில்லை.

ஸ்ட்ரோக்கே நண்டு பிடித்தால் எப்படி, உனக்கு ஓய்வு வேண்டும், ஒரு வாரம் வீட்டுக்குப் போய் வா என்றார் கோச். அதனால்தான் அவள் அன்றைக்குப் புறப்பட்டாள் அம்மா. நீங்கள் கூப்பிட்டதால் இல்லை. உங்களுக்குப் போன் செய்ததே வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லத்தான். நீங்கள் திட்டாவிட்டாலும் வந்திருப்பாள். அந்த நேரத்துக்கு, அந்த ரோட்டில்தான் வந்திருப்பாள். அவளை அனுப்பியது நான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே இதைச் சொல்லியிருந்தால் இத்தனை மாதம் நீங்கள் உங்களையே குற்றம் சொல்லியிருக்க மாட்டீர்கள். தெரிந்தும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. அவள் கொட்டகைக்குப் பின்னால் நின்று உங்களோடு பேசியபோது நான் பத்தடி தள்ளி இருந்தேன். நீங்கள் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். போனை வைத்த பிறகு அவள் தோள் குலுங்கியது. வெகுநேரம். அழுதாளா, சிரித்தாளா, எனக்குத் தெரியவில்லை அம்மா. அவள் முதுகு முழுக்கத் தெரியும் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன். அந்த ஒன்று தெரியவில்லை. கிட்டப் போய்க் கேட்கவும் இல்லை. கேட்டால் நன்றி சொல்ல வேண்டி வருமே என்று உள்ளே போய்விட்டேன்.

கோச்சிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படகை விட்டு விலகுகிறேன் என்றும் சொன்னேன். பத்து நாளில் முடிவு சொல் என்றிருக்கிறார். எனக்கு முடிவு தெரியும்.

உங்கள் உடம்பைக் கேட்கக்கூட எனக்கு இனி உரிமை இல்லை.

ஹாஜரா


ஜார்ஜ்டவுன்
2.2.2025

ஹாஜரா,

உரிமையெல்லாம் இருக்கிறது. என் கால் வீங்கியிருக்கிறது, நடந்து நடந்து. மற்றபடி சுகம். நீ சாப்பிட்டிருக்க மாட்டாய். முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து இதைப் படி.

உன் மேல் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கழுவ வைத்திருந்த நண்டையெல்லாம் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். யோகாக்கா பின்னாலேயே வந்தாள். "யார் மேலடி கோவம்?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். கையைத் தூக்கினவள் அவள். யாரும் தூக்கிவிடவில்லை. சின்னதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை சட்டியை உடைத்தால் இவள் அடி வாங்கிக்கொண்டு வருவாள்.

நீ உன்னுடையதைச் சொன்னாய். என்னிடமும் இன்னும் ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் அவள் சாமான்களை அவள் சித்தப்பா குகதாசன்தான் வாங்கி வந்தார். ஹெல்மெட், பை, அப்புறம் மோட்டார் சைக்கிள் கூடையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பை. அதில் இரண்டு நண்டு. ஒன்று நசுங்கியிருந்தது. ஒன்று உயிரோடு இருந்தது. சேற்று நண்டு தண்ணீர் இல்லாமலே இரண்டு நாள் கிடக்கும். வீடு நிறைய ஆள். எல்லாரும் அழுகிறார்கள். நான் சமையலறையில் அந்த நண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அது என்னைப் பார்த்துக் கண்ணை நீட்டுகிறது. என் பிள்ளை இல்லை, இது இருக்கிறது. நான் திட்டினது சரிதான், நண்டு பிடிக்கத்தான் போயிருக்கிறாள் என்று அந்த நேரத்திலும் என் மனசு சொன்னது. அதுதான் ஹாஜரா என்னால் மறக்க முடியாதது.

ஃபெர்ரி ஜெட்டிக்குக் கொண்டுபோய்க் கயிற்றை அறுத்துக் கடலில் விட்டேன். கயிற்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நீ சொல்கிறாய், அது உண்மையான நண்டே இல்லை என்று. அப்படியென்றால் அந்த இரண்டு நண்டு எங்கிருந்து வந்தது? கயிற்றை எடுத்துப் பார்த்தேன். பச்சை ரஃபியா. இரண்டு கொடுக்கையும் நெஞ்சோடு சேர்த்துப் போட்ட கட்டு. அந்தக் கட்டை நாள் தவறாமல் அறுக்கிறேன், எனக்குத் தெரியாதா? கடைக்கட்டு. வழியில் நிறுத்தி வாங்கியிருக்கிறாள். இரண்டும் பெட்டை. பெட்டை நண்டுதான் எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

என் பக்கத்தில் நின்று நீயும் கழுவு என்றேன் இல்லையா. ஆளுக்கு ஒன்று வாங்கியிருக்கிறாள்.

அந்தக் கிழித்த பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னைத்தான் வரைந்தது, உன்னிடமே இருக்கட்டும். நன்றாகப் பார். கோபம் உள்ளவள் நண்டுக்குத் துடோங் போட்டு ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

படகை விடாதே. அவள் ஒரு வாரத்துக்குத்தான் அந்த இடத்தை விட்டுக் கொடுத்தாள், சும்மா கிடக்க இல்லை. பிப்ரவரி 22 என்றாய். வருகிறேன். மரத்தடியில் ஒளிந்து நிற்க மாட்டேன்.

கை முதலில். அப்புறம் முதுகு. முட்டி கடைசியில். திரும்பி வரும்போது அவசரப்படக் கூடாது என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவளே மறந்துவிட்டாள்.

குமுதா


ஜார்ஜ்டவுன்
1.3.2025

சுண்டு,

இது கடைசி உறை. நலமா என்று கேட்காமல் இருந்தால் கடிதம் மாதிரி இல்லை, அதனால் நலமா? எனக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது.

போட்டிக்குப் போனேன். ஆறு படகு. உன் படகு நான்காவதாக வந்தது. பரிசு இல்லை. யோகாக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். "அரை நாள் பஸ்ல வந்து நாலாவது வர்றதைப் பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டு, படகு கிட்ட வந்ததும் அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். நான் கத்தவில்லை. துடுப்பு எட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வந்தேன், நான்குதான். கண்ணில் தண்ணீர், இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஒன்றும் மாட்டவில்லை சுண்டு. அனுஜா தமிழில் கத்துகிறாள். "கை... முதுகு... முட்டி." பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள், என்ன இது டாக்டர் கிளினிக்கா என்று. எனக்கு மட்டும் தெரியும்.

ஹாஜரா நிதானமாகத் திரும்பினாள். அவர்கள் பின்பக்கம் பார்த்துத்தானே உட்காருகிறார்கள், என்னைத் தாண்டிப் போன பிறகும் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். புள்ளியாகிற வரைக்கும். நீ வரைந்த நண்டைக் கால் வைக்கிற பலகையில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். கரைக்கு வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகிறபோது தோள் எப்படிக் குலுங்குகிறது என்று முதுகில் கை வைத்துப் பார்த்தேன். உன்னுடையது எப்படிக் குலுங்கியிருக்கும் என்று அதிலிருந்து தெரியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை.

அப்புறம் புல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் சுண்டு. யோகாக்கா கிளம்பலாம் என்று சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வேலையில் நண்டு கழுவுகிறேன். ரஃபியாவை அறுக்கும்போதெல்லாம் நீ கடையில் நிற்பது தெரிகிறது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பொறுக்குகிறாய். பெட்டையாகப் பார்த்துக் கொடுங்க அங்கிள் என்கிறாய். முகம் மட்டும் தெரியவில்லை, முதுகுதான். 'இந்தா உன் நண்டு, கழுவு' என்று என் முன்னால் வீசுவதற்கா வாங்கினாய்? அம்மா எதை எப்படிப் புரிந்துகொண்டாள் பார் என்று வாசலில் நின்று சிரித்து என் வாயை அடைப்பதற்கா? ஹாஜரா இரண்டாவது என்கிறாள். யோகாக்காவும் அதைத்தான் சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், காலையில். மத்தியானம் ஆனால், நீ போன் செய்த அந்த நேரம் வந்தால், மறுபடியும் எழுந்து நடக்க வேண்டும் போல் இருக்கிறது.

கயிற்றை இந்த உறைக்குள் வைக்கிறேன். ஒட்டப் போகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும்.

போனை வச்சதும் சிரிச்சியா, சுண்டு?